என் பெயரில் போட்ட ஊசி

அத்திப்பட்டு உப்பளத்தில் இருந்தபோதுதான் முதல் தடவையாக எனக்குச் சளியில் ரத்தம் வந்தது. உப்பின் மேல் துப்பியதால் நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் பலகையால் அந்த இடத்தை மட்டும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, "மேஸ்திரி பாக்கறதுக்குள்ள கெளம்பிடு" என்றான். நான் கிளம்பவில்லை. அந்த வாரக் கூலி வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை வந்ததை மேஸ்திரியே பார்த்துவிட்டார்.

அது அறுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு லாரி கிளீனர், செங்கல் சூளை, ரயில் பாதைக்கு ஜல்லி கொட்டும் வேலை, அரிசி ஆலை, உப்பளம் என்று எங்கும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரே இடத்தில் ஒரே ஆட்களுக்கு நடுவில் விழித்துக்கொள்வது சில மாதங்களில் எனக்குப் பொறுக்காமல் போய்விடும், அவ்வளவுதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம் என்பதால் சொல்கிறேன்.

மேஸ்திரி என்னைப் பொன்னேரிக்கு அனுப்பினார். அங்கே கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் காசநோய்க்கு இலவசமாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது வழக்கமான ஆஸ்பத்திரி இல்லை. பட்டணத்து ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருந்த இடம். ஒரு நர்ஸ், ஒரு கிளார்க், ஒரு கூட்டுபவர், இவ்வளவு பேர்தான் நிரந்தரம். டாக்டர் எப்போதாவது ஜீப்பில் வருவார். எக்ஸ்ரே எடுக்கும் பெரிய வேன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வேப்பமரத்தடியில் நிற்கும்.

முதல் நாள் டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது பக்கம் மேலே, கோலிக்குண்டு அளவில் ஒரு ஓட்டை. நான் இன்னும் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"இங்க ரெண்டு வைத்தியம் இருக்கு" என்றார். "ஒன்னு, மூணு மாசம் தினமும் ஊசி, அதோட கொஞ்சம் மாத்திரை. இன்னொன்னுல ஊசியே கிடையாது. வீட்டிலேயே வெச்சு ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடணும். ரெண்டுல எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாது. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. உனக்கு எதுன்னு நானும் சொல்லக்கூடாது, நீயும் கேக்கக்கூடாது. கவர்தான் சொல்லும்."

மேஜை இழுப்பறையில் ஒட்டின கவர்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. முதலில் இருந்ததை எடுத்துக் கிழித்தார். எனக்கு ஊசி என்று வந்தது. என் வயது, எடை எல்லாம் பார்த்து எவ்வளவு மருந்து என்று ஒரு அட்டையில் எழுதி, அதில் என் பெயரையும் நம்பரையும் போட்டுக் கையில் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் காலையில் வந்து நிற்க வேண்டும் என்று கிளார்க் சொன்னான். மூன்று மாதம். எனக்கு நோயைவிட அதுதான் பெரிய தண்டனையாகப் பட்டது.

எனக்கு அடுத்து உள்ளே போய் வந்தவர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மீனவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். விலா எலும்பை எண்ணிவிடலாம். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த கோடுகள். கூட அவர் மனைவி வந்திருந்தார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு இவர்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள். அவருக்கு வந்தது மாத்திரை. பை நிறையக் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனுக்கு இன்னா வந்துது நைனா?" என்று கேட்டார்.

"ஊசி."

"குடுத்து வெச்சவன்."

"இன்னாத்த குடுத்து வெச்சேன். மூணு மாசம் தெனம் காலைல இங்க வந்து நிக்கணுமாம். ஜெயிலே பரவால்ல."

அவர் மனைவி என்னைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார்: "ஊசி போடாம அனுப்புறாங்கன்னா தேறாதுன்னு கை உட்டுட்டாங்கன்னுதான அர்த்தம்? எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் மாத்திரைய குடுத்து அனுப்பிச்சாங்க. ஆடி தாண்டல."

"அட, சும்மா இரு. சீட்டுல வந்துது. சீட்டுக்கு இன்னா தெரியும், யாரு தேறுவான் யாரு தேறமாட்டான்னு?" அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, துண்டால் வாயை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம், "எங்களுக்கு இது புதுசு இல்ல. ஏரில நாங்களும் சீட்டுதான்" என்றார்.

அவர்கள் குப்பத்தில் ஏரியை இடம் இடமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மீன் அதிகம் படும் இடம் உண்டு, படாத இடம் உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். வலையோடு படகில் இறங்கக்கூடிய ஆளுக்குத்தான் சீட்டில் பெயர் உண்டு. வந்த முறையை ஒருவன் மற்றவனுக்கு விட்டுக்கொடுக்கலாம். நோய், கல்யாணம், சாவு என்று கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்கு அப்படிக் கொடுப்பார்கள். பதிலுக்கு எதுவும் வாங்கக்கூடாது. ஆனால் வாங்கிக்கொண்டவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மீன் படவில்லை என்று அவன் சொல்லக்கூடாது. கொடுத்தவன் வந்து கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்க சித்தப்பா ஒரு தபா எனுக்கு முறை குடுத்தாரு" என்றார். "விடிய விடிய கெடந்தேன். வலைல ஒரு பாம்பு, ஒரு செருப்பு. அதுவும் ஒத்தச் செருப்பு. கரைக்கு வந்தா மனுஷன் நின்னுக்கினு கீறாரு. எப்பிடிடா இருந்துதுன்னாரு. நல்லாருந்துது சித்தப்பான்னேன். அவுரு அந்தச் செருப்ப பாக்குறாரு, என்னப் பாக்குறாரு."

நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி சொன்னார்: "தம்பி, உனுக்கு வாணாம்னா அத்த அவுருக்கு உட்டுக்குடேன்."

அவர்களுக்கு அது ஏமாற்று வேலையாகத் தோன்றவே இல்லை. சீட்டில் வந்த நல்லதை, அதிகம் தேவைப்படுகிறவனுக்கு விட்டுக்கொடுப்பது அவர்கள் ஊரில் மரியாதையான காரியம். டாக்டர் கவர் எடுத்ததைச் சீட்டு என்று புரிந்துகொண்டதும் அவர்கள் அதோடு சேர்ந்த வழக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படி இல்லை. அட்டையில் எழுதியிருந்ததை என்னால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. பெயருக்குக் கீழே வயது, எடை, மருந்தின் அளவு என்று தனித்தனிக் கட்டம் இருந்தது. அது இந்த ஆளுக்கு என்று எழுதியது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அட்டையை நீட்டி, மீனவரின் அட்டையையும் மாத்திரைப் பையையும் வாங்கிக்கொண்டேன். எனக்கு மறுநாளே எங்காவது கிளம்ப வேண்டும்போல இருந்தது.

டாக்டரின் ஜீப் போய்விட்டது. அன்று இருந்த நர்ஸ் அன்றோடு மாற்றலாகிப் போகிறார், மறுநாள் புதியவர் வருகிறார் என்று கிளார்க் சொல்லியிருந்தான். வந்துபோகும் அத்தனை முகங்களில் எங்கள் முகம் கிளார்க்குக்கு ஞாபகம் இருக்காது. எல்லாம் எங்களுக்கு வசதியாகத்தான் அமைந்தது. ஒரே ஒரு சிக்கல். தினமும் ஊசி போட்டதும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். மீனவர் கைநாட்டுக்காரர். நான் கையெழுத்துக்காரன். வேப்பமரத்தடி மண்ணில் குச்சியால் என் பெயரை எழுதிக் காட்டினேன். ஐந்து எழுத்து. அவர் குந்தி உட்கார்ந்து மதியம்வரை அதையே எழுதி எழுதி அழித்தார். மூன்றாவது எழுத்தின் சுழி அவருக்கு வரவே இல்லை.

"இன்னாய்யா இது, எறா மாதிரி சுருண்டுக்கினு போவுது" என்றார்.

"எறான்னே நெனச்சி எழுது."

அப்படித்தான் வந்தது. அவர் வாழ்நாளில் எழுதத் தெரிந்துகொண்ட ஒரே சொல் என் பெயர்.

அடுத்த நாள் முதல் அவர் காலை பஸ்ஸில் பொன்னேரிக்கு வந்து என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் ஊசி போட்டுக்கொண்டார். புது நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு வயசா உனக்கு?" என்று கேட்டாராம். "ஏரி வெயிலும்மா" என்றாராம் இவர். எடை பார்த்தபோது அட்டையில் இருந்ததைவிட ஏழு கிலோ குறைந்திருந்தது. நர்ஸ் எடை பார்க்கும் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவரைத்தான் திட்டியிருக்கிறார். இதையெல்லாம் அவர் மனைவி எனக்குச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் மாதம் ஒருமுறை போய் அவர் பெயரில் மாத்திரை வாங்கிக் கட்டைவிரலை மையில் உருட்டி வைத்தேன். "நாப்பத்தெட்டு வயசுக்கு ஒரு நரை இல்லியேய்யா" என்றான் கிளார்க். "எங்க வம்சமே அப்பிடி" என்றேன். அவனுக்கு அதற்கு மேல் கேட்க நேரமில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ரோட்டோரத்தில் ஒன்றிரண்டு தொழிற்சாலை ஷெட்டுகள் அப்போது எழும்பத் தொடங்கியிருந்தன. அங்கே கான்கிரீட் கலக்கும் இடத்தில் சேர்ந்தேன். அந்த மாத்திரைகள் ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி இருக்கும். விழுங்கினால் வயிறு கலங்கி, வேலை நடுவில் புதருக்கு ஓட வேண்டும். முதல் வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு ஞாபகம் வந்தபோது. மீதியை அஸ்திவாரக் குழியில் போட்டேன். அதன் மேல் கான்கிரீட் விழுந்து, மேலே தூண் நின்றது. இருமல் குறைந்திருந்தது. அதனால் குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் முடியும் சமயத்தில் மாத்திரை வாங்கப் போன நான் அப்படியே பஸ் ஏறி அவர்கள் குப்பத்துக்குப் போனேன். அவர் முகத்தில் சதை வந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, ரத்தம் இல்லை, இரண்டு வேளை சோறு இறங்குகிறது. அவர் மனைவி மடவை மீன் குழம்பு வைத்து, எனக்கு வால் துண்டு வராமல் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

"எப்பிடி கீதுண்ணா?" என்று கேட்டேன்.

"நல்லாக்குது நைனா. ரொம்ப நல்லாக்குது" என்றார். கை கழுவ எழுந்தவர் வாசற்கால்வரை ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். சொந்த வீட்டில் பகல் வெளிச்சத்தில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு போவது எனக்கு வித்தியாசமாக இருந்தது.

நான் கிளம்பியபோது அவர் மனைவி பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார்.

"முந்தாநேத்து ஏரில உழுந்துட்டாரு தம்பி. மொழங்கால் தண்ணிதான். படகுல நின்னு கழி ஊனிக்கினு இருந்தவரு அப்பிடியே சாஞ்சாரு. தூக்கி நிறுத்தினா மறுபடியும் சாயறாரு. ரெண்டு காதுலயும் வண்டு கத்திக்கினே கீதாம்."

"ஊசி போடற அம்மாகிட்ட சொன்னாரா?"

"அந்தம்மா தெனம் கேக்குதாம். தல சுத்துதா, காதுல சத்தம் கேக்குதான்னு. கேட்டுட்டுத்தான் ஊசியே போடுதாம். இவுரு ஒன்னும் இல்லன்றாரு."

"ஏங்க்கா?"

"அது உன்னுதாச்சே. நீ குடுத்தத வாங்கிக்கினு அது சரியில்லன்னு எப்பிடிச் சொல்லுவாரு?"

எனக்குப் புரிந்தது. ஒரு கேள்வியை ஒரு நர்ஸ் தினமும் கேட்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்பதும் புரிந்தது. அன்று நான் திரும்பிப் பொன்னேரிக்குப் போய், அட்டை மாறியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைப் பிடித்து உட்காரவைத்து ஊசி தொடங்குவார்கள். கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்ததும் சூளூர்ப்பேட்டைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க ஆசை.

"சத்து இல்லக்கா, அதான். ஊசி முடிஞ்சா சரியாப்பூடும்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். நான் படித்தவன் என்று அவர்களுக்கு எண்ணம். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் ஒரு மாதம் அவருக்கு என் ஊசியைப் போட்டார்கள். அந்த ஒரு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

மூன்று மாதம் முடிந்து எக்ஸ்ரே வேன் வந்த நாளில் இருவரும் போயிருந்தோம். மீனவர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கால்களை அகற்றி வைத்து, தரையைப் பார்த்தபடி நடந்தார். அவர் என் பெயரில் படம் எடுத்துக்கொண்டார். நான் அவர் பெயரில் எடுத்துக்கொண்டேன். எலும்புக்கூட்டில் ஆள் யார் என்று எப்படித் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

பிற்பகல் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். முதலில் என் பெயரைக் கூப்பிட்டார். மீனவர் எழுந்து மனைவியோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கிளார்க் வந்து அவர் பெயரைக் கூப்பிட்டான். நான் எழுந்து போனேன். மேஜையில் நான்கு படங்கள் இருந்தன. பழையது இரண்டு, புதியது இரண்டு. டாக்டர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பழையதையும் புதியதையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்.

"மூணு மாசம் முன்னாடி வலது பக்கம் இருந்த ஓட்டை இப்ப இடது பக்கம் வந்திருக்கு" என்றார். "இன்னொருத்தருக்கு இடதுல இருந்தது வலதுக்குப் போயிருக்கு. நுரையீரல்ல ஓட்டை நடந்து போகாது. இதுல யாரு யாரு?"

மீனவர்தான் பதில் சொன்னார். சீட்டு, முறை, விட்டுக்கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்கு அப்போதும் படவில்லை. "தம்பிமேல தப்பு இல்ல சார். மனசார குடுத்துச்சு" என்றார்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வந்து, "கால் ரெண்டையும் சேத்து வெச்சு நில்லுங்க" என்றார். மீனவர் நின்றார். "இப்ப கண்ண மூடுங்க." மூடினார். வெட்டிய மரம்போல ஒரே பக்கமாகச் சாய்ந்தார். டாக்டர் தயாராக நின்றிருந்ததால் தாங்கிக்கொண்டார். நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தினமும் கேட்டவர் அவர்தான்.

"தினம் கேட்டாங்களே, ஏன் சொல்லல?" என்றார் டாக்டர்.

மீனவர் என்னைப் பார்த்தார். நான் அங்கே நின்றுகொண்டிருந்ததால் அப்போதும் அவரால் சொல்ல முடியவில்லை.

டாக்டர் அவர் மனைவியிடம் நிதானமாகச் சொன்னார். அந்த ஊசி மருந்து நோயைக் கொல்லும். சிலருக்குக் காதுக்குள்ளே இருக்கும், ஆளை நிமிர்த்தி நிறுத்தும் ஏதோ ஒன்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால்தான் வயதானவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அளவைக் குறைத்துப் போடுகிறார்கள். தலை சுற்றுகிறது என்று சொன்ன அன்றே நிறுத்திவிடுகிறார்கள். இவருக்குப் போட்டது இருபத்தாறு வயதுக்காரனுக்கு எழுதிய அளவு. நுரையீரல் நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது. மாத்திரை கொடுக்கிறோம், அது பூராவும் ஆறிவிடும்.

"அப்ப தல சுத்தறது, சார்?" என்று கேட்டார் அவர் மனைவி.

"கொஞ்சம் பழகிக்குவார். கண்ணால பாத்துப் பாத்து நடப்பார். கெட்டியான தரைல நடந்துடலாம்."

"படகுல?"

டாக்டர் மேஜைமேல் இருந்த படங்களை ஒன்றாகச் சேர்த்து உறைக்குள் வைத்தார். "படகுல கஷ்டம்மா" என்றார்.

எங்கள் இருவர் நம்பரையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். ஆராய்ச்சியில் நாங்கள் இனி இல்லை. வைத்தியத்தை மட்டும் நிறுத்தவில்லை. என் சளியில் கிருமி அப்படியே இருந்தது. மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டதில் அது மருந்துக்குப் பழகிவிட்டது என்றார்கள். என்னைப் பட்டணத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சானடோரியத்துக்கு அனுப்பக் கடிதம் எழுதினார் டாக்டர். எழுதிக் கொடுக்கும்போது தலையைத் தூக்காமல், "நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்" என்றார்.

சானடோரியத்தில் ஒன்றரை வருஷம் இருந்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஓரிடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாதவன் ஒரே கட்டிலில் ஒன்றரை வருஷம் கிடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் நேராகக் குப்பத்துக்குப் போனேன். அந்த வருஷத்துச் சீட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம், உடம்பு சரியில்லாதவர் என்று அவர் பெயரை விட்டுவைத்திருந்தார்கள். அவர் முறை வந்த நாட்களில் சொந்தக்காரர்கள் போய் வலை கட்டிப் பங்கு கொடுத்தார்கள். இந்த வருஷம் ஊர்ப் பெரியவர்கள் முடிவு கேட்டார்கள். வலையோடு இறங்குவாரா, மாட்டாரா?

இறங்குவேன் என்றார் அவர். மறுநாள் காலை ஏரி அசையாமல் கண்ணாடிபோல் கிடந்தது. பெரியவர்கள் நான்கு பேர் கரையில் நின்றார்கள். ஒருவர் படகின் முனையைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறினார். உட்கார்ந்திருந்தவரை ஒன்றும் இல்லை. கழியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கரையில் ஒரு பனைமரத்தை வெறித்துப் பார்த்தபடி நின்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் பார்த்தார். கழியை ஊன்றித் தள்ளக் கீழே பார்க்க வேண்டியிருந்தது. பார்வை மரத்தை விட்டதும் தண்ணீரில் சாய்ந்துவிட்டார். தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்றே அவருக்குத் தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அடியைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தவரை இரண்டு பேர் குதித்துத் தூக்கினார்கள்.

நான் பெரியவர்களிடம் போய், அவர் பெயர் இருக்கட்டும், அவருக்குப் பதிலாக நான் இறங்குகிறேன் என்றேன். வேலை கற்றுக்கொள்கிறேன், மீன் எல்லாம் அந்த வீட்டுக்கே போகட்டும் என்றேன்.

அவர்களில் மூத்தவர் என்னைத் தெரிந்துவைத்திருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. "அது எங்க ஆளுங்களுக்குள்ளதான்பா. வெளி ஆளுக்கு அதுல பாத்தியம் கெடயாது. உட்டா நாளைக்கி ஏரியே இருக்காது" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். இருக்கும் கொஞ்ச ஏரியை அவர்கள் அப்படித்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பெயரை எடுத்துவிட்டுச் சீட்டைப் போட்டார்கள்.

எனக்கு அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் காவல்காரன் வேலை கிடைத்தது. மேல்பகுதி போன நுரையீரலோடு வேறு வேலை செய்ய முடியாது. நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை குப்பத்துக்குப் போய்வந்தேன். அவர் மனைவி மீன் கூடை தூக்கிப் போய் விற்றார். அவர் ஏரியோரத்தில் தண்ணீர் குறைந்த இடத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்தார். பாதிநேரம் ஊர்வதுபோல்தான் இருக்கும். நான்கு கால் ஊன்றியிருந்தால் அவருக்குத் தலை சுற்றாது. பிடித்ததைப் போட்டுக்கொள்ளக் கழுத்தில் ஒரு பனை ஓலைப் பறி கட்டியிருப்பார். அவர் வயதுக்காரர்கள் நிமிர்ந்து நின்று படகில் அந்தப் பக்கமாகப் போகும்போது அவர் தலையைத் தூக்கமாட்டார்.

என்னைக் கண்டதும் மட்டும் தூக்குவார். கையைச் சேற்றிலிருந்து எடுத்து, "வா நைனா. நல்லாக்குது. இப்ப எவ்ளோ தேவல. இருமலே கெடயாது" என்பார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொல்வார். சாப்பிடும்போது மறுபடியும் சொல்வார். கிளம்பும்போது வாசற்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொல்வார். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அதற்காகவே போய்க்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அப்படிப் போய்த் திரும்பும்போது அவர் மனைவி, பல வருஷத்துக்குப் பிறகு, பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும்தான் பேசினார்.

"தம்பி, இனிமே வராத."

நான் அவரைப் பார்த்தேன்.

"கோவம்னு நெனச்சிக்காத. நான்தான உன்னக் கேட்டேன். நீயா வந்து குடுத்தியா? கோவம் இருந்தா என்மேலதான் இருக்கணும்" என்றார். "மத்த நாள்ல அவுரு வாய் உட்டு அழுவாரு. எங்கிட்ட சொல்லுவாரு, இந்த வண்டு சத்தம் நிக்கவே நிக்காதாடின்னு. பொண்ணுங்க வந்தா அதுங்ககிட்ட சொல்லுவாரு. திட்டுவாரு, சட்டிய ஒடைப்பாரு. அப்பறம் ஒரு வாய் சாப்புடுவாரு. நீ வந்தா எல்லாத்தையும் உள்ள வெச்சிக்கினு நல்லாக்குது நல்லாக்குதுன்றாரு. நீ பஸ் ஏறினப்பறம் ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசறதில்ல. தண்ணிகூட குடிக்கறதில்ல. போன தபா மூணு நாளு ஆச்சு."

"நான் சொல்றேங்க்கா. உண்மையச் சொன்னா எனுக்கு ஒன்னும் இல்லன்னு அவுருகிட்ட நானே சொல்றேன்."

"நீ சொன்னா? நீ சொல்லிட்டா அவுரு மாறிடுவாரா?" என்றார். பஸ் வந்து நின்றது. அவர் கூடையிலிருந்து, காய்ந்த இறால் கொஞ்சம் கட்டிய பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "உடம்ப பாத்துக்க. ஏறு."

ஏறினேன். அதற்குப் பிறகு நான் குப்பத்துக்குப் போகவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஷெட்டுகள் பெருகிக்கொண்டே போயின. கேட்டில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் ஏரிப் பக்கத்துப் பெண்கள் மீன் கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். அந்தக் குப்பத்துப் பெண்களும் அவர்களில் உண்டு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் யாரிடமும் விசாரித்ததில்லை. அவர் எத்தனை வருஷம் இருந்தார், எப்போது போனார் என்பது எனக்குத் தெரியாது.